பத்தொன்பது கிடேரிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டு ஏலக் கொட்டகையை ஒட்டிய சாப்பாட்டுக் கடை. அடுத்த மேஜையில் ஆர்டித் ஸிக்மண்ட் டிஷ்யூ தாளில் கன்றுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மகள் பெயரை எழுதி அடித்திருந்தாள். எட்டிப் பார்த்தது என் தப்புதான்.

முதல் தொடக்கம்: நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் இலைகள் பொன்னிறமாக மாறும் அந்த...

(வேண்டாம். இங்கே மரமே குறைவு.)

இரண்டாவது: ஆர்டித்துக்கு நாற்பத்திரண்டு பசுக்கள், ஒரு மகள். பசுக்கள் பக்கத்தில் இருந்தன.

இது நிற்கட்டும்.

2

மகள் டெஸ்ஸாவுக்கு டென்வரில் வேலை. "ரெண்டு குடும்பம் பொழைக்கிற அளவுக்கு மந்தை இருந்தா வந்துடுவேம்மா" என்று நான்கு வருடங்களுக்கு முன் சொன்னாள். அதற்குத் தொண்ணூறு பசுக்களாவது வேண்டும். வெளியில் வாங்கக் கட்டுப்படியாகாது. பிறந்த கிடேரிகளை, அதாவது பெண் கன்றுகளை, விற்காமல் வளர்க்க வேண்டும். இந்த இலையுதிர்காலத்தில் நிறுத்திவைத்த கிடேரி ஈன்று, அதன் கன்று விலைக்குப் போக இரண்டு வருடம். அதுவரை தீனி மட்டும் போகும்.

[குறிப்பு: விலை ஏறும்போதுதான் மந்தையைப் பெருக்கும் ஆசை வரும். அதே விலையைத்தான் கிடேரியை விற்காதவர் கைவிட வேண்டும்.]

3

டெஸ்ஸாவை நான் நம்பவில்லை. தொலைபேசிப் பேச்சை மூன்று தடவை எழுதினேன்.

"இந்தத் தடவ பத்தொம்பது கிடேரியையும் வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

"பத்தொம்பதுமா? குளிர் முழுக்க எதப் போடுவ, உன் ஜன்னல் தொட்டிச் செடிகளையா?"

"நீ வர்றதா இருந்தா சமாளிச்சுப்பேன்."

"பாக்கலாம்மா."

ஒரு வரைவில் 'வர்றேன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஆர்டித் எழுதியதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

4

கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாள். ஒடுக்கமான பாதையில் ஒவ்வொன்றாக வரும். கதவு கணவன் லேலண்டின் கையில், சொல் ஆர்டித்துடையது. 'உள்ள' என்றால் வீட்டில் தங்கும். 'போகட்டும்' என்றால் லாரி. சண்டையெல்லாம் முந்தைய நாளே. கதவருகே வாதம் கிடையாது. அதுதான் அவர்கள் வழக்கம்.

"உள்ள. உள்ள. உள்ள."

"லாரிக்காரன வெறும் காப்பி குடிக்கவா வரச் சொன்ன?"

"கதவப் பாரு."

பதினொன்றாவது வந்தது. முதுகு பலகை மாதிரி, மொத்தத்தில் அதுதான் அழகி.

"உள்ள."

கதவு அசையவில்லை.

"ஏ ஆர்டித், இது காளைக்கன்னோட ரெட்டையாப் பொறந்ததுதானே? அப்படிப் பொறந்த கிடேரிக்குச் சினையே பிடிக்காது."

"தெரியும்."

தெரியாமலென்ன? ஏப்ரல் பனியில் இரண்டையும் இழுத்து வெளியே எடுத்தவளே அவள்தான்.

"அப்புறம் எதுக்கு?"

"எண்ணிக்கைக்கு."

"யாருக்குக் காட்ட?"

முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கதவருகே வாதம்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

'போகட்டும்' என்கிறாள். மிச்சத்திலும் பாதி லாரி ஏறுகின்றன. மந்தை மெதுவாக, அவர்களுக்கு வயதாவதைவிட மெதுவாக வளர்கிறது.

'உள்ள' என்கிறாள். பிப்ரவரியில் வைக்கோல் தீர்ந்து, கிடேரிகளுக்குத் தீனி வாங்க நல்ல பசுக்களை விற்க...

டெஸ்ஸா வருகிறாள். இதைத்தான் மற்ற இரண்டையும்விட நன்றாக எழுதியிருக்கிறேன். அதனாலேயே அதை உங்களுக்குக் காட்டப் போவதில்லை.

கன்று நிற்கிறது. லேலண்ட் திரும்பிப் பார்க்கிறார். ஆர்டித் வாயைத் திறந்துவிட்டாள்; நான் இதற்கு மேல் எழுதவில்லை. அவளுக்காக அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். வேலிக்கு அப்பால் நாற்பத்திரண்டு தாய்களும் கன்றுகளைக் கூப்பிட்டுக் கத்துகின்றன.