சித்திரையில் ஒரு தீபம்

மலையில் நெருப்பு என்றால் எங்கள் நகராட்சிக்குத் தெரிந்தது கார்த்திகை தீபம் ஒன்றுதான். அந்த வருஷம் சித்திரை வெயிலில் மலைப் புல் பற்றிக்கொண்டு எரிந்தபோதும், தீபத்துக்குச் செய்வதையே செய்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு போட்டு, இறங்குகிறவர்களுக்கெல்லாம் காலரா ஊசி குத்தினார்கள். கிரிவலப் பாதை நெடுக பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். புகையில் இருமிக்கொண்டிருந்த ஜனங்கள், இப்போது கையைத் தேய்த்துக்கொண்டே இருமினார்கள்.

எனக்கு ஊசி என்றால் ஆகவே ஆகாது. தீபத்தன்றே ஊசிக்காரர்களுக்குப் பயந்து வீட்டுக்குள்ளிருந்து மலையைக் கும்பிடுகிறவள் நான். அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

தீ அணைந்த மறுநாள் மழை கொட்டியது. மலைச் சாம்பல் வழிந்து வந்து எங்கள் தெருக் கிணற்றில் இறங்கியது. தண்ணீர் கறுத்துவிட்டது. கருகின எலி வேறு மிதந்தது. எதிர்வீட்டு பீபி ஜானின் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் வீட்டிலோ மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தாள். பிறக்கிற பிள்ளையை இந்தத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது? நினைத்தால் அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் ஜாஸ்தி.

சுகாதார இன்ஸ்பெக்டர் சகாதேவனைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், சட்டை மடிப்பு கலையாமல் ஊரைச் சுத்தம் பண்ண நினைக்கிறவர். இறைக்க இன்ஜின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆனால் தீப ஏற்பாட்டில் தெருக் கிணறு வராது என்றார். இது தீபமே இல்லையே என்றேன்.

"அது எனக்கும் தெரியும்மா. காட்டுத் தீக்கு இன்னா செய்யணும்னு யாரும் சொல்லல. தீபத்துக்குத்தான் சொல்லியிருக்காங்க," என்றார், பாவம்போல.

பீபி ஜானிடம் வந்து புலம்பித் தீர்த்தேன். அவள்தான் வழி சொன்னாள்.

"தீபத்துக்கு அன்னதானம் போடுற எடத்துல, மொதல்ல கெணத்ததானக்கா சுத்தம் பண்றாங்க? நாம அன்னதானம் போடலாம்."

"சித்திரையிலயாடி?"

"அவங்களுக்கு தீபம்னா நமக்கும் தீபந்தான்."

சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் கடைப் படுதாவைக் கழற்றிவந்து கிணற்றோரம் பந்தல் போட்டார். அரிசி அவளுடையது, அண்டா என்னுடையது. சேதியைச் சொன்னதும் சகாதேவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விடிந்ததும் இன்ஜின் வந்தது. கறுப்புத் தண்ணீர் முழுக்க இறைத்து, தூர் வாரி, மருந்தும் போட்டார்கள். மத்தியானத்துக்குள் பளிச்சென்று புதுத் தண்ணீர் ஊறியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

வாளியை எடுக்கப் போனேன். கயிற்றைச் சகாதேவன் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊசிப் பெட்டி திறந்திருந்தது.

அன்னதானக் கிணற்றில் கைவைக்கிறவர்கள் முதலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அதுவும் தீப ஏற்பாடுதானாம். பீபி ஜான் சட்டென்று கையை நீட்டினாள். நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, என்னென்னவோ வியாதி எனக்கு இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அன்னதான யோசனை இவளுடையது, மாட்டிக்கொண்டது நானா என்று பீபி ஜானை முறைத்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து வள்ளி அலறினாள். வலி கண்டுவிட்டது. காலையிலிருந்தே அவளுக்குத் துணையிருந்த மருத்துவச்சி, வெந்நீர் போடச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"எதுல வேணா குத்துங்க சார். கயித்த குடுங்க."

குத்தினார். நான் போட்ட சத்தம் வள்ளி போட்டதைவிட ஜாஸ்தி என்று தெருவில் இன்னமும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பந்தலில் புளிச்சோறு தயாரானது. சகாதேவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்தாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், இதமான சூடு, எல்லாம் தயார். என் கைதான் வீங்கிப்போய்த் தூக்கவே வரவில்லை. பேத்தியை பீபி ஜான்தான் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினாள். அவளுக்கும் அதே ஊசிதான். அவள் கை மட்டும் வீங்கவே இல்லை.