உப்பில்லாத மீன்

உப்பையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததைக் கொண்டாட, வீட்டில் சொல்லாமல் ஒகேனக்கலுக்குப் பஸ் ஏறினேன். எனக்கும் பிரஷர் உண்டு. ஆனால் என் நாக்கு கட்டுரை படிப்பதில்லை. அது உப்பும் உறைப்புமாக வறுத்த மீன் கேட்டது.

மீன்கடை முனியம்மாள் என்னைக் கண்டு முகம் மலர்ந்தாள். அவள் கணவரை உப்பைக் குறைக்கச் சொன்னவன் நான்தான்.

“வாங்க டாக்டரே! அவருக்கு இப்பத் தலைசுத்தலே இல்லீங்க. உங்களுக்கு உப்பில்லாம தனியா வறுத்துத் தர்றேன்.”

“எதுக்கும்மா சிரமம்? எல்லாருக்கும் போடறதே போதும்.”

“ஊருக்கே புத்தி சொன்னவருக்கு உப்பைப் போடறதா? பாவமுங்க!”

புது எண்ணெய் ஊற்றிப் பொறுமையாக வறுத்துக் கொடுத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தின்றேன். ருசியே இல்லை. அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு துண்டும் கேட்டேன். என் கட்டுரையை ஆண்டவர் படித்துவிட்டார் போலிருக்கிறது.