குயின் தெரு வக்கீல் ஆபீசுக்குக் கண்ட காய்ச்சல்

1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பினாங்கு குயின் தெருவில் இருந்த ஆரோக்கியநாதன் – தங்கராஜு வக்கீல் ஆபீஸ் கட்டடத்துக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. பிற்பகலில் சுவர்கள் சில்லிட்டன. கூரை ஓடுகள் பற்களைப்போல் ஒன்றோடொன்று கிடுகிடுத்தன. மைக்கூடுகள் மேசைமேல் நகர்ந்தன. பிறகு சூடு ஏறி, மாடிக் கைப்பிடியைத் தொட முடியாமல் போனது. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சுண்ணாம்பு வழியாக வேர்வை வடிந்து, கட்டடம் அயர்ந்துவிடும். மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு மறுநாள் மறுபடி நடுக்கம். நகராட்சி இன்ஜினியர் அஸ்திவாரத்தைச் சந்தேகித்தார். பக்கத்து நகைக்கடைக்காரர் நடுங்கும் நாட்களில் தராசைப் பூட்டிவைத்தார்.

கூட்டாளிகள் இருவரில் தங்கராஜு கட்சிக்காரர்களைப் பிடிப்பவர். ஆரோக்கியநாதன் கோர்ட்டில் பேசுபவர். கட்டடம் சும்மா இருந்த நாட்களிலும் ஆரோக்கியநாதனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவில் எழுந்துவந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். மார்க்கெட் தெருவில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொயினா கொடுத்துவந்த காய்ச்சல் உதவிச் சங்கத்தின் நர்ஸ் ஐரீன், நன்கொடை கேட்க வந்த இடத்தில், நெற்றியைப் பார்ப்பதுபோல் புறங்கையைச் சுவரில் வைத்தாள்.

“மலேரியாதான் சார். ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற ஜாதி. இங்க யாரு சுங்கை பாக்காப் பக்கம் போய்ட்டு வந்தது?”

இருவரும்தான் போய்வந்திருந்தார்கள். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலால் பலர் செத்ததும், குடியிருப்பை ஒட்டிய சதுப்பை வடிக்கும்படி தோட்டத்துக்கு உத்தரவு வந்தது. அந்தச் சதுப்பு தோட்டத்துடையதே அல்ல என்று ஆரோக்கியநாதன் வாதாடி, ஜூன் மாதம் ஜெயித்திருந்தார். யாருடையது என்று கோர்ட்டும் சொல்லவில்லை. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது.

தங்கராஜு ஊரிலிருந்த கொயினா முழுவதையும் வாங்கி, சுண்ணாம்பில் கலந்து கட்டடத்துக்குப் பூசினார். உள்ளே நுழைந்தவர்கள் நாக்கெல்லாம் கசந்தது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. மருந்துக் கடைகளிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஐரீன் நேராக மாடிக்கு ஏறிவந்தாள்.

“அங்க பிள்ளைங்க குளிர்ல தூக்கித் தூக்கிப் போடுதுங்க. நீங்க செவுத்துக்குப் பூசுறீங்களா?”

ஆரோக்கியநாதன் கீழ்த்தளத்துச் சாவியை அவளிடம் கொடுத்தார். கூட்டு அப்படித்தான் ஏற்பட்டது: கீழே கட்டில்கள், மேலே வழக்குகள். நல்ல கட்சிக்காரர்கள் சிலர் வேறு வக்கீல் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்குப் பூச்சு கரைந்து காய்ச்சல் திரும்பிவந்தது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நவமணியை நிறைமாதத்தில் கீழ்த்தளத்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அவளுக்குக் குளிர் எடுத்த அதே நிமிஷம் கட்டடத்துக்கும் எடுத்தது. கட்டில் எது, தரை எது என்று தெரியாமல் எல்லாம் ஆடியது. ஆரோக்கியநாதன் இறங்கிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்தத் தண்ணி யாருதுன்னு கோர்ட்ல முடிவாச்சுங்க, ஐயா?”

“யாருதும் இல்லன்னு.”

“அப்ப கொசு மட்டும் எங்களுதா?”

அன்று அவளுக்குக் குழந்தை பிறந்தது, அழவில்லை. கட்டடத்துக்கு வேர்க்கவில்லை, மறுநாளும் சூடு இறங்கவில்லை. குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த ஆரோக்கியநாதன் மாடி வராந்தாவில் விடியும்வரை நடந்தார்.

பழைய கட்சிக்காரருக்கு எதிராக அதே விஷயத்தில் அவர் வாதாட முடியாது. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தை யாரும் கேட்கலாம். சங்கத்தின் பேரில் சதுப்பைக் கேட்டு நில ஆபீசில் மனுப் போட்டார். தோட்டத்து மானேஜர் பதறி ஓடிவந்து, சதுப்பு தங்களுடையது என்றார். ஆரோக்கியநாதன் அவர்களுக்காகத் தானே வாங்கிக்கொடுத்த தீர்ப்பை மேசையில் வைத்தார். மானேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

“சதுப்ப வாங்கி என்ன சார் செய்ய?” என்றாள் ஐரீன்.

“வடிக்க.”

சதுப்பு சங்கத்தின் கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்களே வாய்க்கால் வெட்டினார்கள். நவமணி முதல் ஆளாக மண்வெட்டியோடு இறங்கினாள். மூச்சு வாங்கியபோது மற்றவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தண்ணீர் ஆற்றுக்கு இறங்க இறங்கக் கட்டடத்தின் நடுக்கம் குறைந்து, 1929இல் நின்றுபோனது. நவமணி தோட்டத்துக்குத் திரும்பாமல் கீழ்த்தளத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். ஆரோக்கியநாதன் மட்டும், எதையோ காதுகொடுத்துக் கேட்க முயல்பவர்போல், நின்று நின்று நடந்துகொண்டிருந்தார்.

1931இல் மாடிப்படி வீங்கியது. தங்கராஜு கூப்பிட்டு ஐரீன் வந்து, மரப்படியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவில்லை.

“பெரிபெரி வீக்கம் சார். எங்கயோ தவிடு போகத் தீட்டின அரிசிய மட்டும் போட்டு ஆள வேலை வாங்குறாங்க.”

“எங்கன்னு தேடுவோம்லா, மிஸ்ஸி” என்ற தங்கராஜு கோட்டை மாட்டிக்கொண்டு, வீங்கிய படிகளில் பார்த்து இறங்கி, காரை அக்கரைக்குப் போகும் ஃபெர்ரிக்கு விடச் சொன்னார்.