மலைப்பக்கம், ஊர்ப்பக்கம்

ஜெயசித்ரா லீவு சொல்லிவிட்டாள். கொடைக்கானலில் நடக்கவிருந்த கிராலர் வண்டிச் சந்திப்புக்கு அவளுக்கு இன்னும் இடமே கிடைக்கவில்லை. அதற்கான தேர்வு ஓட்டமே ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும், கழுகுமலை ரோட்டில் தான் வேலை பார்க்கும் செல்போன் சர்வீஸ் கடையில், "அடுத்த மாசம் கடைசியில நான் ஊர்ல இருக்கமாட்டேன் அண்ணாச்சி. இப்பவே சொல்லுதேன், பொறவு மூஞ்சியத் தூக்கக்கூடாது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள். கிடைக்குமோ கிடைக்காதோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்காருகிற ஜென்மம் இல்லை அவள்.

கிராலர் என்றால் வேறொன்றுமில்லை, ரிமோட்டில் ஓடும் குட்டி ஜீப். வேகமாக ஓடாது. பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு மெதுவாக ஏறும். பார்த்தால் அசல் வண்டியேதான் என்று தோன்றவேண்டும், அதில்தான் இந்தப் பைத்தியமே அடங்கியிருக்கிறது. மற்றவர்கள் பெட்டியோடு வாங்கி வருவார்கள். மோட்டாரையும் கியரையும் டயரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை ஜெயசித்ராவே செய்தாள். ஜன்னல் ஃபிரேம் கடையில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகள் சேஸிஸ் ஆயின. அளக்கிற இரும்பு டேப்பை நறுக்கி அடுக்கி ஸ்பிரிங் பட்டை செய்தாள். முன்சக்கரம் பாறையைக் கவ்வ எடை வேண்டுமே, கார்களுக்கு வீல் பேலன்ஸ் பார்க்கும் இடத்தில் கழற்றிப் போட்ட ஈயத் துண்டுகளைச் சக்கரத்துக்குள் ஒட்டினாள். பழைய குடைத்துணி தார்ப்பாய் ஆனது. பச்சைப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி காப்பி நிறம் தொட்டு வைத்தாள்.

"புது வண்டிய என்னத்துக்குட்டி இப்படிப் பழசாக்குத?" என்று கேட்டான் மூக்காண்டி.

"மலையில ஏறுத வண்டி கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரியா இருக்கும்?"

மூக்காண்டி அவள் புருஷன். சங்கரன்கோவிலுக்கும் பனவடலிசத்திரத்துக்கும் ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். ஜீப்பைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பெண்டாட்டி ஒன்றைச் செய்கிறாள் என்றால் அது உருப்படியாகத்தான் இருக்கும் என்று முழுசாக நம்புகிறவன்.

போட்டிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எல்லைக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஓட்டவேண்டும். பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது வண்டி கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஸ்பாட்டர் என்று இன்னொருவர் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். வண்டியைக் கையால் தொட்டால் அந்த நிமிஷமே அவுட். "நான் வாரேன்" என்று மூக்காண்டி முந்திக்கொண்டான். இரண்டு வாரம் மொட்டைமாடியில் செங்கல்லை அடுக்கிப் பழகினார்கள். ஒரு தடவைகூடக் கவிழவில்லை.

ஞாயிறு காலை, சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரப் பாறைக்காட்டில் கூட்டம் கூடியது. நடத்துகிறவர் புளியங்குடி பர்ஹத், நல்ல மனிதர். ராஜபாளையத்திலிருந்து வந்த லிங்கேஷ் என்ற பையனுக்குத்தான் வாய் அதிகம். ஜீப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "வீட்டுத் தயாரிப்பு ஊறுகாய்க்கு நல்லாருக்கும்க்கா. பாறைக்கு ஆகாது" என்றான்.

"பாத்துக்கிட்டே இருங்க தம்பி" என்றாள் ஜெயசித்ரா. அவனுடைய பளபளப்பான வண்டி ஏற்கெனவே ஓட்டத்தை முடித்துவிட்டது, அதையும் சொல்லவேண்டும்தானே. அதோடு சேர்த்து இரண்டு வண்டிகள் தேறியிருந்தன. இன்னும் ஓரிடம்தான் பாக்கி, ஓட்டவேண்டிய வண்டியும் இவளுடையது மட்டும்தான்.

ஜீப் ஏறியது. ஒவ்வொரு சக்கரமாக வைத்து, மூச்சு விட்டு, அடுத்ததை வைத்து ஏறியது. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. உச்சியைத் தாண்டி வண்டி மறைந்ததும் ஜெயசித்ரா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வரட்டும், வரட்டும்" என்றது மூக்காண்டியின் குரல். பிறகு சத்தமாக, "ரைட், ரைட்."

அவள் வலப்பக்கம் ஒடித்தாள்.

டமால் என்று ஒரு சத்தம்.

"ஏ பிள்ள, நான் ரைட்டுனுதானே சொன்னேன்? நீ ஏன் ஒடிச்ச?"

"ரைட்டுனு சொன்னா ஒடிக்காம?"

"ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம்ட்டி. சக்கரம் நேரா இருந்துது."

பஸ்ஸில் ரைட் என்றால் கிளம்பு என்றுதானே அர்த்தம். மொட்டைமாடியிலும் அவன் இதையேதான் சொல்லியிருக்கிறான். அங்கே வண்டியைக் கண்ணால் பார்த்து ஓட்டியதால் அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெயசித்ராவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ராத்திரி பகலாகக் கட்டிய வண்டி ஒரு வார்த்தையில் மல்லாந்து கிடக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

பர்ஹத் அருகில் வந்தார். "வண்டி விளிம்புல சாஞ்சுதான் கிடக்குக்கா, கீழ விழல. முன்னால இருக்குத வின்ச்சுக் கம்பியப் போட்டு இழுக்கலாம், கொக்கிய மட்டும் தொட ரூல்ல இடம் இருக்கு. ஆளையும் மாத்தலாம். வேணும்னா நான் போய் அங்கன நிக்கேன்."

நல்ல யோசனைதான். பர்ஹத்துக்கு இந்த வேலை அத்துப்படி. அவர் நின்றால் கொடைக்கானல் கைக்குள் வந்த மாதிரி. பாறைக்குப் பின்னாலிருந்து மூக்காண்டி எட்டிப் பார்த்தான். பர்ஹத் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அவரையே நிக்கச் சொல்லு பிள்ள. என்னால உனக்குக் கெட்டுப்போச்சு" என்றான்.

இப்படி ஒடுங்கி நின்று அவனை அவள் பார்த்ததேயில்லை. பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு ஊரையே அதட்டுகிறவன் அவன். அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் சிரித்த கூட்டத்தின்மேல் திரும்பியது.

"வேண்டாம்ண்ணே, என் ஆளே நிக்கட்டும்" என்று பர்ஹத்திடம் சொல்லிவிட்டு, கையை உயர்த்தி மேற்கே காட்டினாள். "என்னங்க, இங்க கேளுங்க. வலது இடதே வேண்டாம். அந்தா மலை, இந்தா ஊர். மலைப்பக்கம் ஒடிக்கணும்னா மலைப்பக்கம்னு சொல்லுங்க, இங்கிட்டுன்னா ஊர்ப்பக்கம்னு சொல்லுங்க."

"போறதுக்கு?"

"உங்க விசில் என்னத்துக்கு இருக்கு? ஒண்ணு ஊதுனா நிப்பாட்டுதேன். ரெண்டு ஊதுனா எடுக்கேன்."

மூக்காண்டி சட்டைப்பையைத் தடவினான். விசில் இருந்தது. வேலைக்குப் போகாத நாளிலும் அது அவன் பையில்தான் கிடக்கும்.

வின்ச் கொக்கியை இழுத்துப்போய் மலைப்பக்கம் இருந்த ஒரு வேரில் மாட்டினான். ஜெயசித்ரா ரிமோட்டில் பட்டனை அழுத்தினாள். கம்பி விறைத்தது, குட்டி மோட்டார் முனகியது, ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நாலு காலில் நின்றது. சேஸிஸ் கோணவில்லை, ஒரு பட்டைகூட உடையவில்லை. அவன் கொக்கியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து இரண்டு விசில் ஊதினான்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். "மலைப்பக்கம் ஒடி, இன்னும் ஒடி, போதும்." ஒரு விசில். "ஊர்ப்பக்கம் லேசா." இரண்டு விசில். சந்தைக் கூட்டத்துக்குள் பஸ்ஸை நுழைக்கிற அதே தோரணை அவனுக்குத் திரும்பிவிட்டது. ஒன்றும் தெரியாத இடத்தில் அந்தக் குரலை மட்டும் நம்பி ஜெயசித்ரா ஓட்டினாள். பாறையைச் சுற்றிக்கொண்டு, துருப்பிடித்த பச்சை முகத்தோடு, ஜீப் முடிவுக் கோட்டைத் தாண்டி வந்தது.

லிங்கேஷ்தான் முதலில் கை தட்டினான். "அந்த ஸ்பிரிங் பட்டை எப்படிக்கா செஞ்சீங்க?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் சொல்லிக்கொடுக்கத்தான் செய்தாள், ஆனால் ஊறுகாயை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் சொன்னாள்.

பர்ஹத் போனில் பெயர்களை ஏற்றினார். "டிரைவர் ஜெயசித்ரா. ஸ்பாட்டர் யாருன்னு போடட்டும்?"

"ஸ்பாட்டர்னு எல்லாம் போடாதீங்க. கண்டக்டர் மூக்காண்டின்னு போடுங்க."

மூக்காண்டி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் போய்த் தோளைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சாச்சு. இப்ப என்னத்துக்கு இப்படி நிக்கீய?"

"இத்தன வருசமா ஊரான் வண்டிக்கே விசில் ஊதிட்டேன் பிள்ள" என்றான் அவன். "நம்ம வண்டிக்கு இன்னைக்குத்தான் ஊதுனேன்."