பெயர் தெரியாத ஓட்டுநரின் ஒலிநாடா

ஓய்வுபெற்ற வெல்டருக்கு நூலகம் என்றாலே ஆகாது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு கையை விரிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று என்பது அவர் முடிவு. ஆனால் பழைய பேருந்துப் பணிமனை ஆட்களின் பேச்சு ஒலிநாடாவில் இருக்கிறது, குடும்பத்தார் வந்து கேட்கலாம் என்று மாவட்ட நூலகம் செய்தித்தாளில் போட்டிருந்தது. அக்கா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு உயிரை எடுத்தாள். அப்பா அந்தப் பணிமனையில் ஓட்டுநராக இருந்தவர். வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆவண அறை அம்மாள் ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தாள். ‘ஓட்டுநர், பெயர் தெரியவில்லை’ என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தது. மற்ற நாடாக்களுக்கெல்லாம் ஆள் தெரிந்துவிட்டதாம்.

“கேட்டுட்டு, இவர்தான்னு நீங்க உறுதியாச் சொன்னா பேரை எழுதிடுவோம் ஐயா. உங்களுக்கும் ஒரு காப்பி தருவோம்.”

“உங்களுக்கு என்ன லாபம்?”

“பேரில்லாம கெடக்கே, அதான்.”

அவர் நம்பவில்லை. ஆனால் அவருடைய கவலை வேறு. அப்பா இறந்துபோனபோது அவர் சின்னப் பையன். டீசல் வாடை, காக்கிச் சட்டை, மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டது எல்லாம் நினைவில் இருந்தன. குரல் மட்டும் இல்லை. எப்போது தொலைந்ததென்றே தெரியாது. இதை அக்காவிடம்கூட அவர் சொன்னதில்லை. அக்கா அப்போதே வயசுப்பெண். அவளுக்குக் குரல் மறக்கவில்லை. ஆனால் இப்போது காது போய்விட்டது. ஹெட்போனை வைத்ததும் அவள் காதுக்கருவி கீச்சென்று அலறியது.

“இவளுக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும், யாரோ கதவைத் தட்டுறாங்கம்பா. இதுல எங்க கேக்கப்போகுது?” என்றார்.

“என்னைத்தானே சொல்ற?” என்றாள் அக்கா. “நீ கேட்டு எனக்குச் சொல்லுடா. சத்தமா.”

நாடா சுழன்றது. கரகரப்பு, பின்னால் ஏதோ எஞ்சின், அப்புறம் ஓர் ஆள். யாராகவும் இருக்கலாம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“காலையில வண்டி கிளம்பலேன்னா அதைத் திட்டக்கூடாதாம்!” என்று கத்தினார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பாசஞ்சரைத்தான் திட்டணுமாம்!”

நாடாவில் இருந்தவர் இழுத்து இழுத்துப் பேசினார். பாதியில் நிறுத்தி, கேட்கிறவனைக் காக்கவைத்து, கடைசி வார்த்தையைக் கீழே போட்டார். வெல்டரும் அந்தப் பேச்சின் கூடவே ஓடினார். கொஞ்ச நேரத்தில் கத்துவதை விட்டுவிட்டு, அதே இழுப்பில் பேச ஆரம்பித்திருந்தார். “மேட்டுல ஏறும்போது வண்டி முனகும். அப்ப நான் பாட மாட்டேன். ஏன்னா... அதுக்குப் பொறாமை.”

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

“அப்பாதான்டா. இது அப்பாதான்.”

“உனக்குத்தான் கேக்கவே இல்லையே!”

“உன் வாயைப் பாத்தாலே தெரியுதே. நீ உன்னை மாதிரியா பேசுற? இந்த ஜவ்வு இழுப்பு உனக்கு ஏது?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஆசையில சொல்ற. அப்புறம் எவனோ ஒருத்தனுக்கு நம்ம அப்பன் பேரை எழுதிட்டுப் போவோம். நான் சொல்ல மாட்டேன்.”

“நிறுத்திட்டியா? சரி. இதைக் கேளு. அவர் பேச்சை முடிக்கும்போது, ‘சரி, சட்டியைக் கவுத்துங்க’ம்பாரு. சமையலா நடக்குதுன்னு அம்மா தினமும் சண்டை போடுவா. அதைச் சொல்றாரான்னு பாரு.”

ஆவண அறை அம்மாள் பொத்தானை அழுத்தினாள். அவர் ஹெட்போனை மறுபடி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த ஆள் டயரைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், மேலதிகாரி ஒருவரை மரியாதையோடு கேலி செய்தார். நாடா தீரப்போகிற நேரம். பேட்டி எடுத்தவன் இன்னும் ஏதோ கேட்டான். பெஞ்சு நகர்கிற சத்தம். யாரோ எழுந்திருக்கிறார்.

“சரி தம்பி, சட்டியைக் கவுத்துங்க. எனக்கு வண்டி நேரமாச்சு.”

வெல்டர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னாரா?” அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “டேய், சொன்னாரா இல்லையா?”

சொன்னார் என்று தலையை ஆட்டினார். அக்கா நாற்காலியில் சாய்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆவண அறை அம்மாள் பென்சிலை எடுத்தாள். “பேர் சொல்லுங்க ஐயா.”

அவர் அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்.

முந்தானைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இனிஷியலோட எழுதச் சொல்லுடா. இல்லேன்னா சண்டைக்கு வருவாரு.”