செண்பகவல்லியின் கவலை குணமான கதை

மதுரையில் இருக்கும் அந்த ஆராய்ச்சி மையத்தில் மாத்திரையை மனிதர்கள் விழுங்குவதில்லை. அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும்தான் விழுங்கும். ஆளுக்கு மருந்து கொடுத்து அது எப்போது நோய்க்குப் போய்ச் சேரும் என்று காத்திருப்பது சுற்றுவழி என்று டாக்டர் பிரமீளா நினைத்தார். ஆகவே நோயை வார்டில் சேர்த்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பாதி நோய்களுக்கு நிஜ மாத்திரை, மீதிக்கு வெறும் சர்க்கரை மாத்திரை. எதற்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோய்களுக்கும் தெரியாது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

கோவில்பட்டி செண்பகவல்லி பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவள். 'பதற்றம், மனச்சோர்வு உள்ளவர்கள் தேவை' என்று போட்டிருந்தது. "ஒன் கவலையத் தூக்கிக் குப்பையில போடு" என்று ஊரே சொல்லி அவளுக்குக் காது புளித்திருந்தது. அதையும் தேவை என்று கேட்க ஒரு இடம் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

அவளுடைய மகன் இசக்கிராஜா தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை லாரி ஓட்டுகிறவன். அவன் கிளம்பினால் திரும்புகிற வரை கவலை அவள் இடுப்பைவிட்டு இறங்காது. ஒல்லியான, துறுதுறுவென்ற கவலை. மதுரைக்குக் கிளம்பிய அன்றும் தெருமுனை வரை வந்துவிட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடியது. அதற்குள் பஸ் போய்விட்டது.

ஆராய்ச்சி மையத்தில் அவளுக்குப் பக்கத்தில் திரவியம் உட்கார்ந்திருந்தார். திருமங்கலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனச்சோர்வு நடக்காது. குட்டியானை வண்டி பிடித்து, ஆள் வைத்து இறக்கியிருந்தார். அது பெஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ரொம்ப நாளாவே இருக்கா சார்?"

"சம்சாரம் போனதுலேர்ந்தும்மா. நான் கவலைப்பட ஒரு ஆள் இல்ல. அதான் இது இப்படிப் பெருத்துப்போச்சு."

கவலையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிய செண்பகவல்லி வயிறாரச் சாப்பிட்டாள். பகலில் தூங்கினாள். கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்க்காமலே கடைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

ஒருநாள் காலையில் இசக்கிராஜா போன் செய்தான்.

"யம்மா, வசமா மாட்டிக்கிட்டேன். செக்போஸ்ட்ல நிக்கேன்."

"என்னய்யா, லைசென்ஸ மறந்துட்டியா?"

"அதெல்லாம் பாத்துட்டாக. ஒனக்காக வீட்ல யாரு கவலப்படுதான்னு கேட்டாக. எங்கம்மான்னு சொன்னேன். விசாரிச்சுப் பாத்துட்டு அப்படி யாரும் இல்லங்காக."

கவலைப்பட ஆளில்லாத வண்டியை எந்த மாநிலமும் எல்லைக்குள் விடாது. அது செண்பகவல்லிக்கும் தெரிந்ததுதான்.

"அத ஆராய்ச்சிக்குக் குடுத்திருக்கேன்யா."

"சாயங்காலத்துக்குள்ள வாங்கிரும்மா. இல்லன்னா வண்டியத் திருப்பி விட்ருவாக. மொதலாளி என்னிய வேலைய விட்டே தூக்கிருவாரு."

செண்பகவல்லி உட்கார்ந்து கவலைப்பட்டுப் பார்த்தாள். மலைப்பாதையை நினைத்தாள், பிரேக்கை நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. ஆனால் பிள்ளை வெயிலில் நிற்கிறான் என்பது தெரிந்தது. அது போதும் என்று மதுரைக்கு பஸ் ஏறினாள்.

"பாதியில குடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர் பிரமீளா. "அதோட, எது உங்களோடதுன்னு எங்களுக்கே தெரியாது. சேக்கும்போதே பேரை எடுத்துட்டோம்."

"எங் கவலைய எனக்குத் தெரியாதாக்கும்?" என்று செண்பகவல்லி வார்டுக்குள் போனாள். கட்டில்களில் பதற்றங்கள் வரிசையாக உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தன. அவள் நடுவில் நின்று சத்தமாக, "கேஸை மூடினோமா?" என்று கேட்டாள்.

பதற்றங்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை. சம்மணம் போட்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தாள். அவளுடையதுதான்.

"எல்லாம் மூடியாச்சும்மா. வா, உக்காரு," என்று ஒரு சுளையை நீட்டியது.

"இசக்கி செக்போஸ்ட்ல நிக்கான்."

"நல்லாத்தான ஓட்டுவான். வந்துருவான்."

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிஜ மாத்திரை இதற்குத்தான் போயிருக்கிறது என்றார். செண்பகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பில் வைத்து வளர்த்த கவலை இப்படிக் குணமாகிப் போய்விட்டதே, இனிமேல் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதாள்.

கடைசிக் கட்டிலில் திரவியம் தன் மனச்சோர்வைப் பார்க்க வந்திருந்தார். கொண்டுவந்த இட்லியை அது தொடவில்லை. அவர் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, வெயில்லயா நிக்கிறான் பையன்?"

"ஆமா சார்."

"குடிக்கத் தண்ணி வச்சிருக்கானா?"

கட்டில் கிறீச்சிட்டது. மனச்சோர்வு கண் திறந்திருந்தது.

"டயரெல்லாம் எப்படி? லோடு தீப்பெட்டியா? மேல தார்ப்பாய் ஒழுங்காக் கட்டியிருக்கானா? மழை வந்தா என்ன செய்வான்?"

மழை என்றதும் அது எழுந்து உட்கார்ந்தது. காலைத் தரையில் ஊன்றியது. ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தது. அப்புறம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடக்க ஆரம்பித்தது. நடக்க நடக்க மெலிந்தது. திரவியத்துக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பல வருஷம் கழித்து வந்த வியர்வையை அவர் துடைக்காமல் வைத்துக்கொண்டார்.

செண்பகவல்லியின் போன் அடித்தது.

"யம்மா, விட்டுட்டாக! ஆனா யாரோ திரவியம்னு பேரு சொன்னாக. யாரும்மா அது?"

"நமக்கு வேண்டியவருதான்யா."

"மெதுவாப் போகச் சொல்லும்மா," என்றார் திரவியம். "தூக்கம் வந்தா ஓரங்கட்டிரணும்."

மனச்சோர்வு பதற்றமாக மாறியதை டாக்டர் பிரமீளா பக்கவிளைவுகளில் எழுதிக்கொண்டு, அதை அவரோடு அனுப்பிவிட்டார். திரவியம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார். குட்டியானை வண்டி தேவைப்படவில்லை. புதுப் பதற்றம் அவருக்கு முன்னால் ஓடி, போன் அடிக்கிறதா என்று பார்க்க அவருடைய சட்டைப்பைக்கே திரும்பி வந்தது.

செண்பகவல்லியின் கவலைக்குக் குணமான பிறகு சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இசக்கிராஜாவின் லாரியில் கிளீனராகச் சேர்ந்துவிட்டது. கண்ணாடி துடைப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிச் சத்தம் கொடுப்பது எல்லாம் நன்றாகச் செய்கிறதாம். மத்தியானம் ஆனால் சாப்பாட்டுக் கடையிலிருந்து அவளுக்குப் போன் செய்யும்.

"பதறாம கேளும்மா," என்றது ஒருநாள் நாக்பூரிலிருந்து. "அடுப்புல பால் பொங்குது."

செண்பகவல்லி போய்ப் பார்த்தாள். பொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.