பல்லக்குக்குப் பக்கத்தில் ஒட்டிய குரல்

"ஒங்க மாமிக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த பெண்மணி மெல்லக் கேட்டபோது பிந்துஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாறசாலைப் பக்கத்துச் சிறிய அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பவள் அவள். இந்த முகத்தை முன்பின் பார்த்ததில்லை.

"ஆறாம் நம்பர்ல நீங்கதான பேசுதிய?"

பிந்துஜா அவசரமாகத் தன் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைச் சொந்த போனில் ஸ்கேன் செய்தால் அவள் குரல் தமிழில் விளக்கம் சொல்லும். வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பேசி, அருங்காட்சியகத்தில் கணினி வேலை பார்க்கும் சஜனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நடுவே துபாயிலுள்ள தங்கைக்கும் ஒன்று பேசினாள். ஆறாம் நம்பர் பல்லக்கின் விளக்கம் தங்கைக்குப் போய், தங்கைக்குச் சொன்னது சஜனுக்குப் போய்விட்டது. கண்ணூர் மலையாளியான அவனுக்குத் தமிழ் என்றால் எல்லாம் ஒன்றுதான். அப்படியே ஏற்றிவிட்டான், பாவி. தங்கையும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

'எங்க மாமிக்க வயித்துல உள்ளது கேன்சராக்கும். இனி ஒண்ணும் செய்யாண்டாம்னு டாக்டரு சொல்லியாச்சு. அம்மைக்குத் தெரியப்பிடாதுன்னு ஷாஜியண்ணன் எனக்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு.'

அந்த அம்மை, கணவன் ஷாஜியின் தாயும் அவள் மாமியாருமான அம்மிணி, மருமகள் குரலைக் கேட்கவென்றே புது இயர்போன் வாங்கி, பக்கத்து வீட்டுப் பெண்களோடு இப்போது உள்ளேதான் இருக்கிறாள்.

சஜன் போனை எடுக்கவில்லை. பிந்துஜா ஓடினாள். ஒரே ஒலிபெருக்கியாக இருந்தால் ஒயரையாவது பிடுங்கியிருக்கலாம். இது அவரவர் காதில் அல்லவா ஓடுகிறது.

அம்மிணி பல்லக்கின் முன்னால் தலைசாய்த்து நின்றுகொண்டிருந்தாள். பிந்துஜா பக்கத்தில் போய், "அம்மா, அது கேடாயிக் கிடக்கு, ஏழுக்கு வாருங்கோ," என்றாள். அம்மிணி கையை மட்டும் உயர்த்தி, இரு என்றாள். முடியும்வரை அசையவில்லை.

பிறகு ஏழு, எட்டு என்று எல்லாவற்றின் முன்னாலும் போய் நின்றாள். ஒன்றையும் ஸ்கேன் செய்யவில்லை என்பதைப் பிந்துஜா மட்டும் கண்டாள். காதில் இயர்போன் சும்மா இருந்தது.

"மருமகளுக்க சத்தம் எப்பிடி?" என்று ஸ்மார்ட்போன் இல்லாமல் கூட வந்தவர்கள் கேட்டார்கள்.

"நல்ல தெளிவாக்கும்."

அவர்களை முன்னே விட்டுவிட்டு, வாசலில் அம்மிணி மருமகளின் கையைப் பிடித்தாள்.

"ஆறாம் நம்பர இப்பவே மாத்திப் போடு மக்கா. ஞாயிற்றுக்கெழம ஷாஜி பிள்ளைகள இஞ்ச கொண்டு வாறானாக்கும். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அறிஞ்சா அவன் தாங்கமாட்டான்."